ஹபிள் படத்திலிருந்து நம்பக்கூடிய ஓர் எண்: டபிள்யூஎஃப்சி3 தரவை அளவுத்திருத்தம் செய்ய முழு வழிகாட்டி

ஹபிள் காப்பகத்திலிருந்து ஒரு படத்தை இறக்கி, அதில் ஒரு விண்மீனின் ஒளியை அளந்து, "இந்த எண் எப்படி வந்தது?" என்று யாராவது கேட்டால் தடுமாறாமல் பதில் சொல்ல வேண்டும். அந்த நிலைக்குக் கொண்டுபோவதற்குத்தான் இந்த வழிகாட்டி. முதுகலை மாணவர்களும் புதிதாக ஆய்வுக்கு வந்தவர்களும் எங்கே சறுக்குகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதியது.

ஹபிளில் கருவிகள் பல. இங்கே 2009 மே மாதம் பொருத்தப்பட்ட டபிள்யூஎஃப்சி3 கேமராவின் யூவிஐஎஸ் பிரிவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். புற ஊதாவிலிருந்து சிவப்பு வரை பார்க்கும் சிசிடி (ஒளியை எலக்ட்ரானாக மாற்றிப் பதியும் உணரி) பிரிவு அது. அதே கேமராவின் அகச்சிவப்புப் பிரிவு வேறு வகை உணரி. அதற்கான படிகளும் வேறு. இரண்டையும் ஒரே நேரத்தில் கற்றுக்கொள்ளப் போனால் இரண்டும் குழம்பும்.

ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே வாருங்கள்: என் முன்னால் இருக்கும் இந்த எண்ணில் இதுவரை எவையெல்லாம் கழிந்திருக்கின்றன, எவை இன்னும் பாக்கி? புதியவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைக் கேட்காததால் வருபவை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பைத்தான் தெரிந்திருக்க வேண்டும். தொலைநோக்கியை இயக்கும் அறிவியல் நிறுவனமான எஸ்டிஎஸ்சிஐ வெளியிடும் 'எஸ்டிஎன்வி' தொகுப்பை நிறுவினால் தேவையான நிரல்கள் எல்லாம் சேர்ந்தே வந்துவிடும். தனித்தனியாக நிறுவ வேண்டாம். பதிப்புகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் ஒரு வாரமே வீணாகலாம்.

படம் பார்க்க டிஎஸ்9 மென்பொருள் வேண்டும். வட்டில் இடம் தாராளமாக இருக்கட்டும். திருத்தப்பட்ட முழு யூவிஐஎஸ் படம் ஒன்றே 150 மெகாபைட்டைத் தாண்டும். அதோடு, படத்தைத் திருத்தப் பயன்படும் ஒப்பீட்டுக் கோப்புகளும் சேரும்.

டபிள்யூஎஃப்சி3 தரவுக் கையேட்டைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முழுக்கப் படிக்க வேண்டாம், தேடிப் பார்க்கத்தான்.

முதல் பயிற்சிக்கு உங்கள் ஆய்வு இலக்கை எடுக்காதீர்கள். விடை தெரிந்த விண்மீனிலிருந்து தொடங்குங்கள். ஜிடி 153, ஜிடி 71, ஜி191-பி2பி ஆகிய மூன்று வெண் குறுமீன்களும் ஹபிளின் ஒளியளவுக்கு அடிப்படையானவை. அவற்றின் நிறமாலை காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஜிடி 153-இன் காட்சிப் பொலிவு ஏறத்தாழ 13.35 மேக்னிட்யூட் (பொலிவின் அளவு; எண் கூடினால் விண்மீன் மங்கல்). அளவுத்திருத்தத்துக்காக எடுத்த படங்களுக்குக் காத்திருப்புக் காலமும் இல்லை. எடுத்தவுடன் எல்லோருக்கும் பொதுவாகிவிடும்.

2. படத்துக்கு முன்னால் திட்டத்தைப் படியுங்கள்

ஒவ்வொரு அவதானிப்புக்கும் ஒரு திட்ட எண் உண்டு. அந்த எண்ணை வைத்துத் தேடினால், ஆய்வாளர் என்ன கேட்டார், எந்த ஃபில்டர், எத்தனை எக்ஸ்போஷர், ஒவ்வொன்றுக்கும் இடையில் தொலைநோக்கியை எவ்வளவு நகர்த்தினார் என்பதெல்லாம் கிடைக்கும்.

இதை ஏன் முதலில் படிக்க வேண்டும்? அந்த நகர்த்தலைப் பொறுத்துத்தான் பின்னால் என்ன சாத்தியம் என்பது முடிவாகிறது. நகர்த்தாமல் ஒரே இடத்தில் எடுத்த படங்களில் கெட்ட பிக்சல் எப்போதும் வானத்தின் அதே புள்ளியில் விழும். அதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

எக்ஸ்போஷர்கள் ஏன் இப்படித் துண்டு துண்டாக இருக்கின்றன என்ற கேள்விக்கும் விடை இங்கேதான். ஹபிள் பூமியைச் சுற்ற ஏறத்தாழ 95 நிமிடம். அதில் கிட்டத்தட்டப் பாதி நேரம் பெரும்பாலான இலக்குகளைப் பூமியே மறைத்துவிடும். அந்த மறைவு நேரத்தையும் வீணாக்குவதில்லை. மூடி திறக்காமல் எடுக்கும் பயஸ், டார்க் படங்களையும், கேமராவுக்குள் இருக்கும் விளக்கை வைத்து எடுக்கும் ஃப்ளாட் படங்களையும் பெரும்பாலும் அப்போதுதான் எடுக்கிறார்கள். உங்கள் படத்தைத் திருத்தப் போகும் தரவு, உங்கள் படத்தின் இடைவெளிகளில் பிறந்தது.

3. எந்தக் கோப்புகளை இறக்க வேண்டும்

ஹபிள் தரவு இருக்கும் மாஸ்ட் காப்பகத்தில் ஒரே எக்ஸ்போஷருக்குப் பல கோப்புகள் தெரியும். பெயரின் முதல் எழுத்து 'ஐ' என்றால் டபிள்யூஎஃப்சி3. பெயரின் கடைசியில் இருக்கும் மூன்றெழுத்துதான் அது எந்த நிலையில் இருக்கும் படம் என்று சொல்கிறது.

'ரா' என்பது திருத்தம் எதுவும் செய்யாதது. 'எஃப்எல்டி' என்பது பயஸ், டார்க், ஃப்ளாட் திருத்தங்கள் முடிந்தது. 'எஃப்எல்சி' அதோடு சிடிஇ (வாசிக்கும்போது நேரும் எலக்ட்ரான் இழப்பு) திருத்தமும் பெற்றது. இந்தத் திருத்தங்கள் என்ன என்று ஐந்தாம் பகுதியில் வரும். 'டிஆர்சி' என்பது பல எஃப்எல்சி படங்களை உருக்குலைவு நீக்கி ஒன்றாக அடுக்கியது. எந்தெந்தப் படங்கள் ஒரு தொகுதி என்று சொல்லும் 'ஏஎஸ்என்' கோப்பையும், தொலைநோக்கி எவ்வளவு நடுங்கியது என்று சொல்லும் 'ஜிட்' கோப்பையும் சேர்த்தே எடுங்கள்.

அழகாக இருக்கிறதே என்று டிஆர்சியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். அதில் ஏதாவது சந்தேகம் வந்தால் பின்னால் போய்ப் பார்க்க எதுவும் கையில் இருக்காது.

இன்னொன்று. காப்பகத்தில் உள்ள தரவு நிலையானது அல்ல. புதிய ஒப்பீட்டுக் கோப்புகள் வரும்போதெல்லாம் பழைய படங்களையும் மறுபடி திருத்தி வைக்கிறார்கள். போன ஆண்டு இறக்கிய பாதியையும் இப்போது இறக்கிய பாதியையும் கலந்தால், ஒரே விண்மீனுக்கு இரண்டு அளவு வரும். ஒரு ஆய்வுக்கான எல்லாக் கோப்புகளையும் ஒரே நாளில் இறக்குங்கள்.

4. கண்ணால் பாருங்கள்

நிரலை ஓட்டும் முன் ராவையும் எஃப்எல்சியையும் டிஎஸ்9-இல் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பாருங்கள். இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். பின்னால் அதிக நேரம் செலவழிப்பவர்களும் அவர்களே.

விண்மீன்கள் வட்டமாக இருக்கின்றனவா? எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் வழிகாட்டும் விண்மீன் பிடி விட்டிருக்கலாம். ஜிட் கோப்பைப் பாருங்கள். ஹெடரில் (கோப்பின் விவரப் பகுதியில்) எக்ஸ்போஷர் நிலை 'நார்மல்' என்று இருக்கிறதா, நேரம் திட்டத்தில் கேட்டதோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும். செயற்கைக்கோள் கடந்துபோன கோடு, மிகப் பிரகாசமான விண்மீனின் எட்டு வடிவப் பேய் பிம்பம், இவையெல்லாம் கண்ணுக்கு உடனே தெரியும், நிரலுக்குத் தெரியாது.

இங்கே ஒரு பொறி. யூவிஐஎஸ்-இல் 4096 × 2051 பிக்சல் கொண்ட இரண்டு சிப்கள் இருக்கின்றன, நடுவில் சிறு இடைவெளி. கோப்பில் முதலாவதாக வரும் அறிவியல் படம் சிப் 2. இரண்டாவதாக வருவதுதான் சிப் 1. வரிசை எண்ணை நம்பி "முதல் படம், ஆகவே சிப் 1" என்று எடுத்தவர்களின் கணக்கு அங்கேயே திரும்பிவிடுகிறது. எப்போதும் ஹெடரில் சிப் எண்ணைப் பார்த்துவிட்டே தொடருங்கள்.

5. திருத்தங்களின் வரிசை

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டாதீர்கள். கால்டபிள்யூஎஃப்3 என்ற நிரல் இதையெல்லாம் தானாகவே செய்துவிடும், உண்மைதான். ஆனால் அது என்ன செய்தது என்று தெரியாமல் வெளிவரும் எண்ணை நம்பவும் முடியாது, சந்தேகிக்கவும் முடியாது.

ஒளி முதலில் கண்ணாடிகளையும் ஃபில்டரையும் கடக்கிறது. அப்புறம் சிசிடியில் எலக்ட்ரானாக மாறுகிறது. காத்திருக்கும் நேரத்தில் வெப்ப எலக்ட்ரான்கள் சேர்கின்றன. பிறகு வரிசை வரிசையாக நகர்த்தப்பட்டு, கடைசியில் பெருக்கியில் எண்ணாக மாறுகிறது. திருத்தம் பெரும்பாலும் இதற்கு எதிர்த் திசையில் போக வேண்டும். அடுக்கி வைத்த பாத்திரங்களில் மேலே இருப்பதைத்தானே முதலில் எடுக்க முடியும்.

சிடிஇ. விண்வெளிக் கதிர்வீச்சு பல ஆண்டுகளாகச் சிசிடியைத் தாக்கியதால் அதில் எலக்ட்ரான்களைப் பிடித்து வைக்கும் குழிகள் உண்டாகியிருக்கின்றன. வாசிக்கும்போது எலக்ட்ரான்கள் பிக்சல் பிக்சலாக நகரும். வழியில் சில பிடிபட்டு, தாமதமாக வெளிவரும். அதனால் விண்மீனின் ஒளி குறைந்து, பின்னால் ஒரு வால் நீளும். எவ்வளவு தூரம் நகர வேண்டுமோ அவ்வளவு இழப்பு. பெருக்கிகள் நான்கு மூலைகளில் இருப்பதால், அதிகம் இழப்பது சிப்களின் இடைவெளியை ஒட்டிய விண்மீன்கள். அதாவது, படத்தின் நடுப்பகுதிதான் மங்கலான விண்மீனுக்கு மிக மோசமான இடம். இலக்கைச் சரியாக நடுவில் வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். சிறிய இலக்கு என்றால் மூலையில், பெருக்கிக்கு அருகில் வைப்பதே நல்லது.

சிடிஇ திருத்தம் ரா படத்தின் மேலேயே நடக்கிறது. இதற்குப் பிறகு பயன்படும் டார்க்கும் சிடிஇ திருத்தம் பெற்றதாக இருக்க வேண்டும். எஃப்எல்டிக்கு ஒரு டார்க், எஃப்எல்சிக்கு வேறு டார்க். கையால் செய்து பார்ப்பவர்கள் இதை மாற்றிப்போடுவது அடிக்கடி நடக்கும்.

பயஸ். ஒளியே விழாவிட்டாலும் மின்சுற்று ஒரு அடிப்படை எண்ணைக் கொடுக்கும். படத்தின் ஓரத்தில் ஒளி படாத ஓவர்ஸ்கேன் பகுதியிலிருந்து அன்றைய அளவைக் கணித்துக் கழிக்கிறார்கள். அப்புறம், பல பயஸ் படங்களைச் சேர்த்து உருவாக்கிய ஒப்பீட்டுப் படத்தைக் கழித்து மீதமிருக்கும் வடிவத்தையும் நீக்குகிறார்கள். முதலாவது அளவு படத்துக்குப் படம் மாறும், இரண்டாவது மெதுவாகவே மாறும். அதனால்தான் இரண்டு படிகள்.

டார்க்கும் போஸ்ட்ஃப்ளாஷும். சிசிடி மைனஸ் 83 டிகிரி செல்சியஸில் இயங்குகிறது. இருந்தும் வெப்ப எலக்ட்ரான்கள் சேரும். சில பிக்சல்களில் மிக அதிகமாக. மணிக்கு 54 எலக்ட்ரானுக்கு மேல் போகும் பிக்சலைச் 'சூடான பிக்சல்' என்று குறிக்கிறார்கள். இவை நாளுக்கு நாள் பெருகும். மாதம் ஒருமுறை சிசிடியைச் சூடேற்றிப் பிறகு குளிர்விப்பார்கள். அதில் பல பிக்சல்கள் குணமாகும். ஆக, டார்க் படம் உங்கள் அவதானிப்பு நாளுக்கு ஒட்டியதாக இருந்தால்தான் பயன். படம் எடுத்த சில நாள்களிலேயே தரவை இறக்கினால், அந்த நாள்களுக்கான டார்க் அப்போது தயாராகியிருக்காது. பழைய டார்க்கால் திருத்தியிருப்பார்கள். சில வாரம் கழித்து மறுபடி இறக்குங்கள்.

போஸ்ட்ஃப்ளாஷ் என்பது சிடிஇ இழப்பைக் குறைக்க வேண்டுமென்றே சேர்க்கும் மெல்லிய ஒளி. பின்னணியில் கொஞ்சம் எலக்ட்ரான் இருந்தால் குழிகள் அதனால் நிரம்பிவிடும். விண்மீனின் எலக்ட்ரான் தப்பும். பிக்சலுக்கு மொத்தம் 20 எலக்ட்ரான் அளவு பின்னணி இருக்கட்டும் என்பதே இப்போதைய பரிந்துரை. சேர்த்ததைக் கழித்தாலும் அதன் இரைச்சல் மிச்சமிருக்கும். பிழை கணக்கிடும்போது இது நினைவில் இருக்க வேண்டும்.

ஃப்ளாட். கடைசியாக, பிக்சலுக்குப் பிக்சல் மாறும் உணர்திறனைச் சமன் செய்ய ஃப்ளாட்டால் வகுக்கிறார்கள். ஏவுவதற்கு முன் தரையில் எடுத்த ஃப்ளாட்கள்தான் இதன் அடிப்படை. வானில் ஒமேகா சென்டாரி கொத்தின் விண்மீன்களைச் சிசிடியின் வெவ்வேறு இடங்களில் விழவைத்து, அதே விண்மீன் எங்கும் ஒரே அளவு தருகிறதா என்று பார்த்து அவற்றைச் சரிசெய்திருக்கிறார்கள்.

இத்தனையும் முடிந்ததும் படம் எலக்ட்ரான் கணக்கில் இருக்கும். விநாடிக்கு எத்தனை எலக்ட்ரான் என்ற கணக்கு அல்ல, மொத்த எலக்ட்ரான்கள். டிஆர்சியோ விநாடிக்கு எத்தனை என்ற கணக்கில் இருக்கும். அகச்சிவப்புப் பிரிவில் எஃப்எல்டியே விநாடிக் கணக்கில்தான். நேரத்தால் வகுக்கலாமா வேண்டாமா என்று ஒருபோதும் நினைவிலிருந்து முடிவு செய்யாதீர்கள். ஹெடரில் அலகு எழுதியிருக்கிறது, பாருங்கள்.

எந்தத் திருத்தம் நடந்தது என்பதும் ஹெடரில் உண்டு. ஒவ்வொரு படிக்கும் நேரே 'கம்ப்ளீட்' என்றோ 'ஒமிட்' என்றோ இருக்கும். எனக்கு யாராவது புரியாத அளவைக் கொண்டுவந்தால் முதலில் திறப்பது இந்தப் பட்டியலைத்தான்.

6. நிரலை மறுபடி ஓட்ட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். காப்பகத்தில் கிடைக்கும் எஃப்எல்சி நன்றாகவே திருத்தப்பட்டது. புதிய டார்க் வந்திருந்தால்கூட மறுபடி இறக்கினால் போதும். ஒப்பீட்டுக் கோப்பை நீங்களே மாற்ற வேண்டும், ஒரு படியை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் ஓட்டுங்கள். அப்போது சிஆர்டிஎஸ் சேவையிலிருந்து சரியான ஒப்பீட்டுக் கோப்புகளை எடுத்து, ரா கோப்பின் நகலில் ஓட்டுங்கள். மூலத்தைத் தொடாதீர்கள்.

கற்றுக்கொள்வதற்காக ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. ஃப்ளாட்டை நிறுத்திவிட்டு ஒரு படம், எல்லாம் சேர்த்து ஒரு படம் எடுத்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பாருங்கள். எந்தப் புத்தகமும் சொல்லித்தராத அளவுக்குப் புரியும்.

7. அடுக்குதலும் காஸ்மிக் கதிர் நீக்கமும்

1,000 விநாடி எக்ஸ்போஷரில் பிக்சல்களில் சில சதவீதத்தைக் காஸ்மிக் கதிர் தொட்டுவிடும். ஒரே படத்தில் அது கதிரா விண்மீனா என்று உறுதியாகச் சொல்வது கடினம். இரண்டு மூன்று படங்கள் இருந்தால் எளிது: ஒன்றில் மட்டும் இருப்பது கதிர்.

அதற்கு முதலில் படங்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பிக்சல் ஏறத்தாழ 0.04 ஆர்க் விநாடி. பிக்சலில் சிறு பங்கு விலகினாலே, கூர்மையான விண்மீனின் நடுப்பகுதி ஒரு படத்தில் உயரமாகவும் மற்றதில் தாழ்வாகவும் தெரியும். நிரல் அதைக் கதிர் என்று எண்ணி வெட்டிவிடும். எனவே ட்வீக்ரெக் நிரல் கொண்டு பொருத்திவிட்டு, பிறகுதான் அடுக்கும் நிரலான ஆஸ்ட்ரோடிரிசில். ஒரே வருகையில், அதாவது தொலைநோக்கி ஒரு முறை இலக்கை நோக்கித் தொடர்ந்து எடுத்தவை, பெரும்பாலும் பொருந்தியே இருக்கும். வெவ்வேறு வருகைகளில் எடுத்தவற்றை நம்பாதீர்கள்.

அடுக்கி முடித்ததும் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை இது. எஃப்எல்சியின் தரக்குறிப்புப் படத்தை (ஒவ்வொரு பிக்சலின் குறையையும் எண்ணால் குறிப்பது) திறந்து, 4096 என்ற குறி எங்கெல்லாம் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். ஆஸ்ட்ரோடிரிசில் கதிர் என்று முடிவுசெய்த பிக்சல்கள் அவை. ஒழுங்கில்லாமல் சிதறியிருந்தால் சரி. பிரகாசமான விண்மீன்களின் நடுவில் எல்லாம் அந்தக் குறி இருந்தால், கதிர் என்று முடிவுசெய்ய நீங்கள் வைத்த வரம்பு மிகக் கடுமையாக இருக்கிறது அல்லது பொருத்தம் சரியில்லை. இந்தச் சோதனையை விட்டவர்களுக்குப் பிரகாசமான விண்மீன்கள் மட்டும் மங்கலாக வரும். காரணம் தெரியாமல் ஒளியளவு நிரலைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஆஸ்ட்ரோடிரிசில் பின்னணி வானத்தையும் கழித்துவிடுகிறது. பிழை கணக்கிடும்போது அந்த வானத்தைத் திரும்பக் கூட்ட வேண்டும். எஃப்எல்சியின் ஹெடரில் அதன் அளவு பதிவாகியிருக்கும்.

8. ஒளியை அளப்பது

டிஆர்சியில் விண்மீனைச் சுற்றி 10 பிக்சல் ஆரம் கொண்ட வட்டம் வரையுங்கள். அது 0.4 ஆர்க் விநாடி. சற்றுத் தள்ளி ஒரு வளையத்தில் பின்னணியை அளந்து கழியுங்கள். நெருக்கமான கொத்து என்றால் வட்டத்தைச் சிறிதாக்க வேண்டிவரும். அப்போது தனியான விண்மீன்களை வைத்து 10 பிக்சலுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இந்த வட்டத்துக்குள் விண்மீனின் முழு ஒளியும் இல்லை. கண்ணுறு ஒளியில் ஏறத்தாழ 90 சதவீதம்தான் உள்ளே விழும். மீதி வெகுதூரம் சிதறியிருக்கும். ஹெடரில் உள்ள ஃபோட்ஃப்ளாம் என்ற மாற்று எண்ணோ முழு ஒளிக்கானது. ஆக, உங்கள் ஃபில்டருக்கான உள்ளடக்கப் பின்னத்தை (வட்டத்துக்குள் விழும் ஒளியின் பங்கு) கையேட்டு அட்டவணையில் எடுத்து வகுக்க வேண்டும். அதை மறந்தால் எல்லா விண்மீனும் 0.1 மேக்னிட்யூட் மங்கிவிடும்.

மேக்னிட்யூட் கணக்கிடும் ஏபி முறைக்கான தொடக்கப் புள்ளி: ஃபோட்ஃப்ளாமின் மடக்கையை மைனஸ் 2.5-ஆல் பெருக்கி, அதிலிருந்து ஃபோட்ப்ளாமின் மடக்கையின் 5 மடங்கைக் கழித்து, மேலும் 2.408 கழியுங்கள். மடக்கை பத்தடிமானம். இரண்டு சொற்களுக்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம்: ஃபோட்ஃப்ளாம் ஒளிப்பாய மாற்று எண், ஃபோட்ப்ளாம் ஃபில்டரைக் குறிக்கும் 'பிவட்' அலைநீளம். நிரலில் மாற்றி எழுதினாலும் பிழைச்செய்தி வராது. அபத்தமான எண் மட்டும் வரும். ஏபி, எஸ்டி, வேகா என்று மூன்று முறைகள் உண்டு. எதில் அளந்தீர்கள் என்று ஒவ்வொரு அட்டவணையிலும் எழுதுங்கள்.

எஃப்எல்சியிலேயே அளக்க விரும்பினால் இன்னொரு படி சேரும். கேமராவின் ஒளிப்பாதை சாய்ந்திருப்பதால் பிக்சல்கள் வானில் பிடிக்கும் பரப்பு மூலைக்கு மூலை 7 சதவீதம் வரை மாறும். ஃப்ளாட் வானத்தைச் சமமாக்கும்போது விண்மீனின் அளவைத் திரித்துவிடுகிறது. அதற்கான பிக்சல் பரப்பு வரைபடத்தால் பெருக்க வேண்டும். டிஆர்சியில் இது ஏற்கெனவே முடிந்திருக்கும். அங்கேயும் பெருக்கினால் இரட்டைத் திருத்தம்.

வெவ்வேறு ஆண்டுப் படங்களை ஒப்பிடும்போது ஒவ்வொரு படத்துக்கும் அதன் சொந்த ஃபோட்ஃப்ளாமைப் பயன்படுத்துங்கள். கேமராவின் உணர்திறன் ஆண்டுக்கு ஏறத்தாழ 0.1 முதல் 0.2 சதவீதம் குறைகிறது. 2020 முதல் இந்த மாற்றம் ஹெடர் எண்ணிலேயே நாள்வாரியாகக் கணக்கில் எடுக்கப்படுகிறது. பல ஆண்டுப் படங்களை ஒன்றாக அடுக்குவதென்றால், அடுக்கும் முன் ஃபோட்இக்யூ நிரலால் அவற்றை ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

9. விடை சரியா என்று பார்ப்பது

ஜிடி 153-இன் நிறமாலையை உங்கள் ஃபில்டரின் வழியாக எஸ்டிசின்ஃபாட் நிரலில் செலுத்தினால், என்ன மேக்னிட்யூட் வர வேண்டும் என்று கிடைக்கும். உங்கள் அளவோடு ஒப்பிடுங்கள். ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் நீங்கள் போகும் பாதை சரி.

ஒத்துப்போகாவிட்டால் வித்தியாசத்தின் அளவே காரணத்தைக் காட்டும். சரியாக எக்ஸ்போஷர் நேரத்தின் மடங்கில் விலகியிருந்தால் அலகுக் குழப்பம். 10 சதவீதம் அளவு மங்கல் என்றால் உள்ளடக்கப் பின்னத்தை மறந்திருக்கிறீர்கள். மூலைக்கு மூலை சில சதவீதம் மாறினால் பிக்சல் பரப்பு. இடைவெளிக்கு அருகில் உள்ள மங்கலான விண்மீன்கள் மட்டும் குறைவாக வந்தால் சிடிஇ. எஃப்எல்டியை எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். பிரகாசமானவை மட்டும் குறைவு என்றால் ஏழாம் படிக்குப் போய் 4096 குறியைப் பாருங்கள். அங்கே எதுவும் இல்லையென்றால், 256 குறி விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; அது பிக்சல் நிரம்பி வழிந்ததற்கான அடையாளம். ஒரு ஃபில்டரில் சரியாகவும் மற்றொன்றில் பெரிதாக விலகியும் இருந்தால், வேகாவையும் ஏபியையும் கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

விடை ஒத்துப்போன பிறகு உங்கள் சொந்த இலக்குக்கு அதே நிரலை, ஒரு வரியும் மாற்றாமல் ஓட்டுங்கள். கால்டபிள்யூஎஃப்3-இன் பதிப்பு எண், சிஆர்டிஎஸ் சூழல் எண் (எந்தத் தொகுதி ஒப்பீட்டுக் கோப்புகள் என்று சொல்வது), தரவை இறக்கிய நாள், வட்டத்தின் ஆரம், மேக்னிட்யூட் முறை ஆகிய ஐந்தையும் முடிவுகள் இருக்கும் கோப்பிலேயே எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு ஒப்பீட்டுக் கோப்புகள் மாறி, உங்கள் அளவும் மாறும்போது, எதனால் மாறியது என்று கண்டுபிடிக்க இவை வேண்டும்.